லுக்கா: மதிலுக்கு வெளியே ஓடும் சைக்கிள்

இத்தாலியின் லுக்கா நகரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். பீசாவிலிருந்தோ ஃபிளாரன்ஸிலிருந்தோ காலை ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தெரியும் மதிலைத் தாண்டி உள்ளே போய், ஒரு வாடகை சைக்கிள் எடுத்து மதில்மேல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, நீள்வட்டச் சதுக்கத்தில் நின்று நாலு படம் பிடித்துக்கொண்டு மாலை ரயிலில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒரு சுற்றே அருமையான அனுபவம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் மதிலைவிட்டு வெளியே நாலு திசையிலும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால்தான் அந்த ஊர் பிடிபடுகிறது. நானும் தங்கையும் ஒரு மார்ச் மாதத்தில் அங்கே தங்கியிருந்து அப்படித்தான் சுற்றினோம். படைகளுக்குப் பயந்து கட்டிய கோட்டை நகரம் என்று நினைத்துப் போனேன். அந்த ஊரைப் பல நூற்றாண்டுகளாக ஆட்டிவைத்தது தண்ணீர்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் மதில். லுக்கா டஸ்கனி மாகாணத்தின் வடமேற்கு மூலையில், பீசாவுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி, சமவெளியில் இருக்கிறது. கி.மு. 180-ல் ரோமானியர் குடியேற்றமாக உருவாக்கிய ஊர். அப்போதிலிருந்து ஒன்றை இடித்து, ஒன்றை விரித்து என்று பல மதில்கள் கட்டியிருக்கிறார்கள். இப்போது நாம் சைக்கிள் ஓட்டுவது கடைசியாகக் கட்டியதன் மேல். 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேலை முடிந்தது. நீளம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் 12 மீட்டர், அடித்தளத்தில் தடிமன் 30 மீட்டர் அளவுக்கு இருக்கும். பீரங்கி வந்த பிறகு உயரமான மெல்லிய சுவர்களால் பயனில்லை என்று ஆகிவிட்டது. குண்டை உள்வாங்கிக்கொள்ள மண் வேண்டும். அதனால் உள்ளே மண்ணைக் கொட்டி இறுக்கி, வெளிப்பக்கம் செங்கல் பதித்து, மூலைக்கு மூலை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளங்களோடு கட்டினார்கள். பக்கத்தில் இருந்த பீசாவையும் சியனாவையும் ஃபிளாரன்ஸ் விழுங்கிவிட்டது, அடுத்தது நாம்தான் என்ற பயம் லுக்காவுக்கு இருந்தது. ஆனால் இந்த மதிலைக் கட்டி முடித்த பிறகு எந்தப் படையும் வந்து அதை முற்றுகையிடவே இல்லை. 1805-ல் நெப்போலியன் தன் தங்கை எலிசாவிடம் ஊரைக் கொடுக்கும் காலம் வந்தபோதும் பீரங்கி முழங்கி மதில் உடையவில்லை.

காலை ஏழு, ஏழரைக்கு மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் நல்ல நேரம். ஏறுவதற்கு அங்கங்கே சரிவுப்பாதைகள் இருக்கின்றன, கியரைக் குறைத்து நாலு மிதி மிதித்தால் மேலே வந்துவிடலாம். கார் கிடையாது. நடுவில் அகலமான பாதை, இருபுறமும் பிளேன், லிண்டன், செஸ்ட்நட் மரங்கள், கொத்தளம் வரும் இடங்களில் பெரிய புல்வெளி. அந்த நேரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தான்: நாயோடு நடப்பவர்கள், ஓடுகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழியாக மதில்மேல் சைக்கிளில் போகும் பிள்ளைகள். முன்கூடையில் கீரையும் ரொட்டியும் வைத்துக்கொண்டு எழுபது வயதுப் பாட்டிகள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் போவதைப் பார்த்தால் இந்த ஊரில் சைக்கிள் என்பது செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குச் சமமான விஷயம் என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் வீடுகளின் பின்பக்கத் தோட்டங்கள், ஃபன்னர் மாளிகையின் சிலைகள் வரிசையாக நிற்கும் பூங்கா, சான் ஃப்ரெதியானோ தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம். இன்னொரு பக்கம் அகலமான புல்தரை, அதைத் தாண்டிப் புதிய ஊர், அதற்கும் பின்னால் வடக்கே பனி மிச்சமிருக்கும் மலைகள்.

தங்கை சிவில் இன்ஜினியர், பாசன வேலைகள் பார்ப்பவள். முதல் சுற்றில் பாதி தூரம் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, மதிலின் உள்பக்கம் புல் மூடிய சரிவைக் காட்டினாள்.

“அண்ணா, இத கோட்டைச் சுவர்னு யார் சொன்னா? மண்ண கொட்டி, சரிவு விட்டு, மேல மரம் வச்சு... நம்ம ஊர் ஏரிக்கரை மாதிரில்ல இருக்கு!”

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கட்டிய காலத்திலேயே மேலே மரம் நட்டார்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. முதலில் நட்டவை பாப்ளர் மரங்கள். மதிலுக்கு வெளியே இன்றும் பச்சையாக இருக்கும் அந்த அகலமான புல்தரைக்குக் காரணம் வேறு: எதிரி மறைந்து நிற்க ஒரு மரமோ வீடோ இருக்கக் கூடாது என்று சுற்றிலும் எல்லாவற்றையும் வெட்டி வெறும் திடலாக வைத்திருந்தார்கள். பீரங்கிக்காக வெறுமையாக்கிய நிலத்தில் இப்போது குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள், அது ஒருபுறம் இருக்கட்டும். ஏரிக்கரை என்று அவள் சொன்னது எனக்குள் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1812-ல் நடந்ததைப் படித்தபோது அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது என்று தெரிந்தது.

ஊருக்கு வடக்கேயும் மேற்கேயும் செர்க்கியோ என்று ஒரு ஆறு ஓடுகிறது. மலையிலிருந்து வேகமாக இறங்கி, லுக்கா சமவெளிக்கு வந்ததும் தளர்ந்து, கொண்டுவந்த மணலையும் கூழாங்கல்லையும் அங்கே கொட்டிவிட்டுத் திசை மாறித் திசை மாறி ஓடும் ஆறு. 1812 நவம்பர் 18 அன்று அது கரையை உடைத்துக்கொண்டு சமவெளி முழுக்கப் பரவியது. ஊர்க்காரர்கள் மதில் வாயில்களை மூடி, இடுக்குகளை அடைத்து, ஊருக்குள் தண்ணீர் பாயாமல் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம், நடுவில் தீவாக லுக்கா. அப்போது ஊரை ஆண்ட எலிசா மதிலுக்கு வெளியே இருந்தார், வாயிலைத் திறக்க முடியாததால் அவரைக் கிரேன் வைத்து மதில்மேல் தூக்கி உள்ளே இறக்கினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆக நூறு வருஷத்துக்கும் மேலாகக் கட்டிய மதிலை உண்மையில் முற்றுகையிட்ட ஒரே எதிரி செர்க்கியோதான்.

இதற்கும் முன்னால் நடந்த இன்னொரு கதை எனக்கு அதைவிடப் பிடித்தது. அது 1430, இந்த மதில் வருவதற்கு முந்தைய காலம். ஃபிளாரன்ஸ் படை லுக்காவை வளைத்து நிற்கிறது. ஃபிளாரன்ஸ் கதீட்ரலின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டிக்கொண்டிருந்த புருனெல்லெஸ்கி ஒரு யோசனை சொல்கிறார்: செர்க்கியோவைத் திருப்பிவிட்டு, கரை எழுப்பி, லுக்காவைச் சுற்றி ஏரியாக்கிவிடுவோம், ஊர் தானே பணிந்துவிடும். வேலையும் நடக்கிறது. ஆனால் லுக்காக்காரர்கள் இரவில் வந்து கரையை வெட்டிவிடுகிறார்கள், தண்ணீர் ஃபிளாரன்ஸ் பாசறைப் பக்கம் பாய்கிறது, முற்றுகைக்காரர்கள்தான் நனைந்து பின்வாங்குகிறார்கள். குவிமாடம் கட்டிய அந்தப் பெரிய மூளையால் செர்க்கியோவைக் கட்ட முடியவில்லை. அந்த ஆற்றோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருந்தது. இதைப் படித்ததும் தங்கை சந்தோஷப்பட்ட மாதிரி நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

சான் ஃப்ரெதியானோ தேவாலயத்துக்குள் போனால் கதை இன்னும் பின்னால் போகிறது. முகப்பில் பொன் மின்னும் மொசைக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே இடப்பக்கம் ஒரு சிற்றாலயத்தில் அமிக்கோ அஸ்பெர்தினி என்பவர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ஃப்ரெதியானோ ஆற்றைத் திருப்பும் காட்சி. அயர்லாந்திலிருந்து வந்து பீசா மலையில் துறவியாக இருந்து, 6-ஆம் நூற்றாண்டில் லுக்காவின் பிஷப் ஆனவர். ஆறு ஊரை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறிய வாரியை எடுத்து நிலத்தில் இழுத்துக்கொண்டே நடந்தார், செர்க்கியோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தது என்பது ஐதீகம். ஓவியத்தில் துறவியை மட்டுமல்ல, வியர்க்க விறுவிறுக்க வேலை செய்யும் ஆட்களையும் வரைந்திருக்கிறார் அஸ்பெர்தினி. அற்புதத்தை வரையச் சொன்னால் அணை வேலையை வரைந்திருக்கிறாரே என்று நாங்கள் வெகுநேரம் அங்கேயே நின்றோம். ஒரு ஊர் தன் காவல் தெய்வத்துக்குக் கையில் வாளைக் கொடுக்காமல் வாரியைக் கொடுத்திருக்கிறது என்றால் அந்த ஊர் எதைக் கண்டு பயந்தது என்று வேறு சாட்சி தேவையில்லை.

சரி, ஆற்றுக்குப் போகலாம். வடக்கு வாயிலான சான்தா மரியாவில் இறங்கி, மோன்தே சான் குவீரிக்கோ பாலத்தை நோக்கி ஓட்டினால் பத்து நிமிஷத்தில் கரை வந்துவிடும். கரைமேலும் கரையோரமாகவும் மண்பாதை, மேல்நோக்கிப் பொன்தே ஆ மொரியானோ வரை பத்து கிலோமீட்டர் போல, ஏற்றம் இருப்பதே தெரியாது. மார்ச் மாதத்தில் மேலே பனி உருகத் தொடங்கியிருந்ததால் தண்ணீர் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் வெள்ளைக் கூழாங்கல் திட்டுகள், அவற்றில் நாரைகள். வெயில் காலத்தில் இதே ஆற்றைப் பார்க்கிறவர்கள் இதற்கா இவ்வளவு பயந்தார்கள் என்று கேட்பார்கள். கரையின் உயரத்தைப் பாருங்கள், அப்புறம் கரைக்கு வெளியே இருக்கும் வீடுகளின் ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

இந்த ஆறு பகை மட்டும் இல்லை, பிழைப்பும் அதுதான். செர்க்கியோவிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்று கிராமங்கள் வழியாக லுக்காவுக்குள்ளேயே வருகிறது. ஊரின் கிழக்குப் பாதியில் வியா தெல் ஃபோஸ்ஸோ என்ற தெருவில் அந்த வாய்க்கால் வீட்டு வாசல்களுக்கு முன்னால் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய மதிலுக்கு வெளியே இருந்த அகழி அது. ஊர் விரிந்தபோது உள்ளே வந்துவிட்டது. இடைக்காலத்தில் லுக்காவின் பட்டு ஐரோப்பா முழுக்கப் பேர்போனது, அந்தத் தொழிலுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவை இப்படிப்பட்ட வாய்க்கால்கள். இன்றைக்கும் லுக்காவைச் சுற்றியுள்ள சமவெளியில்தான் இத்தாலியின் டிஷ்யூ காகிதத்தில் பெரும்பங்கு தயாராகிறது. காகித ஆலைக்கும் தண்ணீர் வேண்டுமே.

தெம்பு இருந்தால் மொரியானோவோடு நிற்காமல் இன்னும் மேலே போங்கள், போர்கோ ஆ மொத்ஸானோ வரை. அங்கே மதலேனா பாலம் இருக்கிறது, எல்லாரும் சாத்தான் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதியை ஆண்ட மதில்தா சீமாட்டி காலத்தில் கட்டத் தொடங்கியது என்பார்கள். கழுதை முதுகாக நடுவில் திடீரென்று எழும்பும் ஒரு பெரிய வளைவு, அது நடுவிலும் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி, மற்ற வளைவுகள் சின்னச் சின்னதாக. கட்டுகிறவர் நாள் நெருங்கிவிட்டதே என்று சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம், பாலத்தில் முதலில் கடக்கும் உயிர் உனக்கு என்று; பாலம் ஒரே இரவில் முடிந்ததும் ஒரு நாயை விரட்டிவிட்டு ஏமாற்றிவிட்டாராம். இந்தக் கதையிலும் ஆறுதான் மையம். செர்க்கியோவின் வெள்ளத்தில் நிற்கும் ஒரு பாலத்தை மனிதனால் கட்ட முடியும் என்று அந்த மக்களால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். லுக்காவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும், மொரியானோவுக்குப் பிறகு வாகனங்கள் ஓடும் சாலையில் போக வேண்டியிருக்கும், அதனால் பின்விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். திரும்புவதற்கு ரயில் இருக்கிறது, சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

இனி தெற்கு. என்னைக் கேட்டால் லுக்காவில் சைக்கிள் எடுத்த யாரும் தவறவிடக் கூடாத வழி இது, ஆனால் பாதிப்பேர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ரயில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதுவும் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்திலேயே! தண்டவாளத்தைத் தாண்டி சான் கொன்கோர்தியோ பக்கம் போனால் வட்டமான ஒரு கோயில் மாதிரிக் கட்டடம் நிற்கும். கோயில் இல்லை, தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து தெற்கே பீசா மலையடிவாரம் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல், செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஒரே நேர்கோட்டில். நொத்தோலினி நீர்ப்பாலம்.

ஊருக்குள் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இல்லை. சுற்றிலும் தண்ணீரால் பயம், உள்ளே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை என்ற நிலை. நெப்போலியன் காலம் முடிந்து லுக்கா ஒரு சின்ன டச்சியாகி (பிரபு குடும்பம் ஆளும் தனி நாடாகி), மரியா லூயிசா என்ற அரசி ஆட்சிக்கு வந்தபோது, லுக்காவிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் லொரென்ஸோ நொத்தோலினி 1823-ல் இந்த வேலையைத் தொடங்கினார். மலைச் சுனைகளில் ஊறும் தண்ணீரைப் பிடித்து, தெளியவைத்து, வளைவுகளின் தலைமேல் சின்னச் சரிவில் ஓடவிட்டு, இந்தத் தொட்டிக்குக் கொண்டுவந்து, இங்கிருந்து குழாயில் மதிலுக்குள் ஏற்றினார். அரசி அடுத்த வருஷமே இறந்துவிட்டார். வேலை முழுதாக முடிந்தது 1851-ல், அந்த வருஷமே நொத்தோலினியும் இறந்தார். வாழ்நாளில் பாதியை ஒரு மனிதர் ஒரு ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரச் செலவழித்திருக்கிறார். கதீட்ரலுக்குப் பக்கத்தில் வட்டத் தொட்டியோடு இருக்கும் நீரூற்று அவர் செய்தது. எல்லாரும் படம் எடுக்கும் அந்த நீள்வட்டச் சதுக்கமும் அவர் கைவேலைதான்: ரோமானிய அரங்கத்தின் அடித்தளத்தில் தாறுமாறாக முளைத்திருந்த கட்டடங்களை 1830-களில் அப்புறப்படுத்தி, பழைய அரங்கின் வடிவத்தை மீட்டுக் கொடுத்தார். சதுக்கத்தில் நிற்பவர்கள் அவர் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

வளைவுகளை ஒட்டியே பாதை இருக்கிறது. ஒரு பக்கம் தோட்டங்கள், கூனைப்பூச் செடிகள், துணி காயும் கொல்லைகள். இன்னொரு பக்கம் நிழல், வெளிச்சம், நிழல், வெளிச்சம் என்று வளைவு வளைவாகக் கடந்துகொண்டே போகும், பெடல் மிதிக்கும் தாளத்துக்கு அது சரியாகப் பொருந்திப்போய்விடும். நடந்தால் அலுத்துவிடும், காரில் போனால் கண்ணிலேயே படாது. சைக்கிளின் வேகத்துக்காகவே கட்டியதோ என்று தோன்றும் தூரம். ஒரு இடத்தில் மட்டும் வயிற்றைப் பிசையும். ஃபிளாரன்ஸிலிருந்து கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலையைப் போட்டபோது நடுவில் சில வளைவுகளை இடித்து வரிசையை அறுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு துண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் ஒரு துண்டு நிற்கிறது, நடுவில் லாரிகள் பறக்கின்றன. தாண்டிப் போக மேம்பாலம் இருக்கிறது. எனக்கு அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இத்தனை வளைவுகளையும் ஒரு இடத்தில்கூட உடைக்காமல் சாலையைக் கொஞ்சம் தாழ்த்தியோ உயர்த்தியோ கொண்டுபோக யாருக்கும் மனம் வரவில்லையே.

கடைசி வளைவு முடியும் ஊர் குவாமோ. அங்கே இன்னொரு கோயில் வடிவத் தொட்டி. அதற்கு மேல் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஓடையோரமாகக் காட்டுக்குள் ஏற வேண்டும். கல்லால் கட்டிய வாய்க்கால்கள், சின்னச் சின்ன மதகுகள், வடிகட்டும் தொட்டிகள், பாசி, ஓயாத தண்ணீர்ச் சத்தம். பளபளக்கும் பித்தளை எழுத்துகளில் ஒரு கல்வெட்டு இருந்ததால் அந்தச் சுனை இருக்கும் இடத்தைப் பொன் எழுத்து என்றே அழைக்கிறார்கள். தங்கை அங்கே ஒவ்வொரு மதகையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வேலைக்கு வந்தவள் மாதிரி. மணல் எங்கே படியும், அதை எப்படி வாருவார்கள், மழைக்காலத்தில் அதிகத் தண்ணீரை எந்த வழியாக வெளியேற்றுவார்கள் என்று எல்லாம் அவளுக்குக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளோடு போகாமல் இருந்திருந்தால் எனக்கு அது அழகான காடு, அவ்வளவுதான். இந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மலைச் சுனைகளில் வந்து கேனிலும் பாட்டிலிலும் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். குவாமோ கப்பன்னோரி நகராட்சியைச் சேர்ந்தது, குப்பையே இல்லாமல் ஆக்குவோம் என்று 2007-லேயே இத்தாலியில் முதலில் அறிவித்த ஊர் அது. வீட்டுக்கு வீடு சுனைத் தண்ணீர் போனால் பிளாஸ்டிக் பாட்டில் குறையும் என்பதும் அதில் ஒரு கணக்கு.

அதே மலையடிவாரத்தில் கிழக்கே போனால் கொம்பீத்தோ பக்கக் கிராமங்களில் பழைய கமேலியா மரங்கள் இருக்கின்றன, மார்ச் மாதம்தான் பூக்கும் காலம். பூத்து, கொட்டி, பாதையெல்லாம் சிவப்பு. தேயிலையும் கமேலியா குடும்பம்தானே, அங்கே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம்கூட இருக்கிறது. வடகிழக்கே மார்லியா, செக்ரோமீன்யோ பக்கம் பழைய பட்டு வணிகர்களின் மாளிகைகளும் தோட்டங்களும் இருக்கின்றன. எலிசா வாங்கிய மாளிகை மார்லியாவில்தான். அழகானவைதான், ஆனால் ஒரே நாளில் இரண்டு தோட்டத்துக்கு மேல் என்னால் ரசிக்க முடியாது. பசித்தால் மதிலுக்குள் திரும்பி வந்து ஒரு துண்டு செசீனா வாங்கிக்கொள்ளுங்கள்: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவே, பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவார்கள். சைவக்காரர்களுக்கு அதைவிட நல்ல சைக்கிள் சாப்பாடு டஸ்கனியில் கிடையாது.

மேற்கே, ஆற்றின் போக்கிலேயே இறங்கினால் ரிப்பாஃப்ராத்தா என்ற இடுக்கான பள்ளத்தாக்கு, பீசாவும் லுக்காவும் எல்லைக்காக முறைத்துக்கொண்டிருந்த இடம். அதைத் தாண்டிக் கடலோரச் சமவெளி. மஸ்ஸச்சூக்கோலி ஏரிக்கரையில் தோர்ரே தெல் லாகோவில் இசைமேதை புச்சீனியின் வீடு இருக்கிறது. லுக்காவில் பிறந்தவர், ஏரியில் நீர்க்கோழி வேட்டையாடிக்கொண்டு இங்கே வாழ்ந்தார், அந்த வீட்டிலேயே அடக்கமாகியிருக்கிறார். இசைக்காக வருகிறவர்கள் நிறைய. நான் கவனித்தது வழியில் இருந்த வயல்களை: ஆற்றின் கரை உயரத்தில் இருக்கிறது, வயல் பள்ளத்தில் இருக்கிறது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் இந்தப் பகுதியில் செர்க்கியோ கரையை உடைத்துக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் பாய்ந்தது. 1812 ஏதோ பழங்கதை என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். ஆற்றுக்கு 1812-ம் 2009-ம் ஒன்றுதான்.

கடைசியாக தென்கிழக்கே, பியெந்தினா. அங்கே போய்ப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று வழியில் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதுதான் அங்கே விசேஷம்: ஒரு காலத்தில் டஸ்கனியின் பெரிய ஏரி அங்கேதான் இருந்தது. இப்போது நேர்கோட்டு வாய்க்கால்கள், சோளக்கொல்லைகள், அங்கங்கே மிச்சமிருக்கும் சதுப்புக் காடு. பழங்காலத்தில் செர்க்கியோவின் ஒரு கிளை இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. லுக்காவின் தண்ணீர் இந்த ஏரிக்கு வடியும், ஏரியின் தண்ணீர் ஆர்னோ ஆற்றுக்குப் போக வேண்டும், ஆனால் ஆர்னோ ஃபிளாரன்ஸ் கையில். மதகைத் திற என்று லுக்கா, திறந்தால் எங்களுக்கு வெள்ளம் என்று, அப்போது ஃபிளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தனி நாடாக இருந்த டஸ்கனி. நூற்றாண்டுக் கணக்கில் சண்டை, கடிதம், சமரசம், மறுபடி சண்டை. எல்லைக்கோடு ஏரிக்கு நடுவில் போனால் யார்தான் எதைச் செய்ய முடியும்?

1847-ல் லுக்கா தன் தனி ஆட்சியை இழந்து டஸ்கனியோடு இணைந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வேலை முடிந்துவிட்டது. அலெஸ்ஸாந்த்ரோ மனெத்தி என்ற பொறியாளர் ஏரித் தண்ணீரை ஆர்னோவுக்குள் விடாமல், ஆர்னோவின் அடியிலேயே சுரங்கம் கட்டி, ஆற்றுக்குக் கீழே வாய்க்காலைக் கடத்திக் கடலை நோக்கிக் கொண்டுபோனார். 1859-ல் திறந்தது. ஏரி வடிந்தது. வடிந்த படுகையில் பிற்பாடு தோண்டியபோது ரோமானியருக்கும் முன்னால் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கன் மக்களின் வீடுகளும் ரோமானியப் பண்ணைகளும் கிடைத்தன, அதாவது ஏரிக்கும் முன்னால் அங்கே மனிதர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். சுதந்திரம் போனது லுக்காவுக்குப் பெரிய இழப்புதான், அதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றபோது எனக்குத் தோன்றியது, அந்த மதிலுக்குள் இருந்துகொண்டே இதை ஒருபோதும் செய்திருக்க முடியாது. தங்கை என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள், “வடிகால் வேலைக்கு எல்லை தாண்டிப் பேசணும்ணா, சுவர் கட்டி முடியாது” என்று.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதில்மேல் ஓட்ட மட்டும் என்றால் கூடை வைத்த சாதாரண சைக்கிள் போதும், ஆனால் வெளியே போவதாக இருந்தால் வாடகைக் கடையில் முதலிலேயே சொல்லி, கியரும் தடிமனான டயரும் உள்ளதாகக் கேளுங்கள், ஆற்றங்கரைப் பாதையில் சரளைக்கல் நிறைய. பின்விளக்கும் பூட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மதில்மேல் கூட்டம் நெரியும், அந்த நேரத்தை ஆற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் சமவெளி கொதிக்கும். மார்ச், ஏப்ரல், அல்லது அக்டோபர் நல்லது. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் மதில் ஒரு சுற்று, உடனே ஸ்டேஷன் பின்பக்கம் இறங்கி நீர்ப்பாலத்தை ஒட்டிக் குவாமோ, மேலே சுனை வரை நடை, மதியம் செசீனா, சாயங்காலம் சான் ஃப்ரெதியானோவின் அந்தச் சுவரோவியம். இரண்டாவது நாள் கிடைத்தால் சாத்தான் பாலம். மூன்றாவது நாளும் கிடைத்தால், யார் என்ன சொன்னாலும், பியெந்தினாவுக்குப் போங்கள், காலிப் பாட்டிலில் குவாமோ தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, ஏனென்றால் அந்தச் சோளக்கொல்லைகளுக்கு நடுவே நிழலும் இல்லை, கடையும் இல்லை.